மாடிப்படிக்குக் கீழே 28 கோர்: பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்கி ஒன்பது மாதம் ஓட்டிய கதை

போன ஆவணியில், நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற பழைய கம்ப்யூட்டர் கடையில் 58,000 ரூபாய் கொடுத்து ஒரு வொர்க்ஸ்டேஷன், அதாவது கனமான கணக்குகளுக்கான பெரிய கம்ப்யூட்டர், வாங்கினேன். ஏதோ ஒரு ஐடி கம்பெனி கழித்துக்கட்டிய பெட்டி. உள்ளே இன்டெல் ஜியான் இ5-2680 வி4 பிராசசர் இரண்டு, ஒவ்வொன்றிலும் 14 கோர் (தனியாகக் கணக்குப் போடுகிற பகுதி), ஆக 28. 64 ஜிபி ரேம், அதாவது நினைவகம். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வந்து இறங்கியபோது அத்தான் வாசலில் நின்றுகொண்டு, "இந்தக் காசுக்கு ஒரு பழைய புல்லட்டே வந்திருக்குமே மாப்ள" என்றார். எனக்குப் புல்லட் ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம். ஆனால் கொடுத்த காசுக்கு இது தகுமா என்று அவர் கேட்காமல் கேட்டது நியாயமான கேள்விதான், ஒன்பது மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்டி செய்கிறவன். என் ஆராய்ச்சி 2023 டிசம்பர் 17, 18 மழை. நம்ம ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 18-ஆம் தேதி காலை எட்டரை வரைக்குமான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் அறுபதுக்கு மேல். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அதிகமாக ஒரே நாளில் காயலில் கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து 'ஏன் இங்கே, ஏன் இவ்வளவு' என்று யோசித்ததுதான் பிற்பாடு ஆராய்ச்சித் தலைப்பாக மாறியது.

இதைக் கணினியில் மறுபடி பெய்யவைத்துப் பார்க்க டபிள்யூஆர்எஃப் என்று ஒரு வானிலை மாதிரி (மாடல்) இருக்கிறது, இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் சில நொடிக்கு ஒரு தடவை கணக்குப் போட்டுக்கொண்டே போகும். கட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் நம்ம பக்கத்து மலை அப்படி. 27 கி.மீ. கட்டத்தில் பார்த்தால் பொதிகை மலை ஒரு லேசான மேடு, அம்பாசமுத்திரமும் மாஞ்சோலையும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். 3 கி.மீ.க்கு வந்தால்தான் மலை மலையாகத் தெரிய ஆரம்பிக்கும், ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டில் மட்டும் ஏன் எப்போதும் அத்தனை மழை என்பது படத்தில் பிடிபடும். ஆனால் கட்டத்தைப் பாதியாகச் சுருக்கினால் வேலை எட்டு மடங்கு ஏறும். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, கணக்குப் போடுகிற கால இடைவெளியையும் பாதியாக்கணும் என்பதால் அதில் ஒரு இரண்டு. லேப்டாப் இதற்கு லாயக்கில்லை. என் லேப்டாப் 72 மணி நேர மழையைப் போட்டு முடிக்க ஐந்து நாள் எடுத்துக்கொண்டது, அதிலும் மூன்றாம் நாள் சூடாகி அணைந்துபோனது.

அதனால்தான் 28 கோர். மழைப் பரப்பை 28 பாத்தியாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் வரப்போரத்தில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்துப் பாத்திக்காரனிடம் சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகவேண்டியது. இந்தச் சொல்லிக்கொள்கிற வேலைக்குப் பெயர் எம்பிஐ. உலகத்தில் இருக்கிற பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களும் இதே கதையில்தான் ஓடுகின்றன, அங்கே பாத்தி ஆயிரக்கணக்கில் இருக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம். லினக்ஸ் போட்டு, டபிள்யூஆர்எஃப் கம்பைல் செய்து (மூல நிரலை ஓடுகிற புரோகிராமாக மாற்றுவது, அது ஒரு தனி நரகம், மூன்று ராத்திரி போச்சு), 27, 9, 3 கி.மீ. என்று மூன்று அடுக்குக் கட்டம் வைத்து முதல் ரன் போட்டேன். 72 மணி நேர மழைக்கு 31 மணி நேரம் ஆனது. லேப்டாப்போடு ஒப்பிட்டால் பரவாயில்லை என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் 28 கோருக்குப் பதிலாக 14 கோரில் போட்டுப் பார்த்தேன், 32 மணி நேரம். எட்டு கோரில் போட்டேன், 34. அப்படியென்றால் 20 கோர் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாப் கமாண்டில் பார்த்தால் எல்லாக் கோரும் நூறு சதவீதம் வேலை செய்கிற மாதிரியே காட்டுகிறது, அதுதான் கொடுமை.

ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். நான் ஏதோ தப்பாகக் கம்பைல் செய்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை முதலிலிருந்து செய்தேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் கண்முன்னே இருந்தது. ரேம் போட 16 இடம் இருக்கிற போர்டில், பிராசசருக்கு ஒன்று என்று இரண்டே இரண்டு 32 ஜிபி குச்சி. மொத்தம் 64 ஜிபி, பில்லில் போட்டது சரி. ஆனால் இந்த பிராசசர் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்துக்குப் போக நாலு வழி உண்டு, ஒரு வழியில் நொடிக்கு 19.2 ஜிபி, நாலும் திறந்திருந்தால் 76.8. ஒரே ஒரு குச்சி போட்டால் மூன்று வழி அடைப்பு.

எங்கள் ஆச்சி முக்கூடலில் பீடி சுற்றியவள். சொளகை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே சுற்றுவாள், விரலைப் பார்க்கவே மாட்டாள். அந்தத் தெருவில் முப்பது பொம்பளைகள் அதே வேகத்தில் சுற்றுவார்கள், ஆனால் பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கிற ஆள் ஒருத்தர்தான், அவர் டீ குடிக்கப் போனால் தெருவே சும்மா இருக்கும். என் பெட்டியில் நடந்தது அச்சு அசல் அதுதான். சுற்றுகிற கை 28, இலை கொடுக்கிற ஜன்னல் பிராசசருக்கு ஒன்று. வானிலை மாடல் போன்ற வேலைகளில் கணக்கு கொஞ்சம், தரவை எடுத்து வைப்பது ஏராளம், அதனால் இங்கே கோர் எண்ணிக்கையைவிட ஜன்னல் எண்ணிக்கைதான் பேசும். டாப் நூறு சதவீதம் காட்டியதும் இதனால்தான், வரிசையில் நிற்பதையும் அது வேலை என்றே எண்ணிக்கொள்கிறது.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அண்ணாச்சி நல்ல மனுஷர், ஆனால் இந்த விஷயத்தில் பிடிகொடுக்கவில்லை.

"தம்பி, நீங்க 64 ஜிபி கேட்டீய, 64 ஜிபி இருக்குல்லா. பெறகு என்ன?"

"அண்ணாச்சி, எட்டு எட்டா எட்டுக் குச்சி வேணும்."

"எல்லாரும் பெரிய குச்சியாத்தான் கேப்பாங்க, பின்னாடி கூட்டிக்கிடலாம்னு. நீங்கதான் சின்னதாக் கேக்கீய."

அரை மணி நேரம் பேசி, ஒரு டீ அவர் கணக்கில் குடித்து, மேல்கொண்டு 3,000 ரூபாய் கொடுத்து எட்டு 8 ஜிபி குச்சிகள் வாங்கிவந்தேன். சர்வர் ரேம் என்பதால் வீட்டுக் கம்ப்யூட்டர் குச்சி இதில் வேலை செய்யாது, இசிசி ரெஜிஸ்டர்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். நாள்கணக்கில் ஓடுகிற வேலையில் எங்காவது ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிற வகை இது. கலர் பார்த்து, பிராசசருக்கு நாலு நாலாக, ஒவ்வொரு வழிக்கும் ஒன்று என்று செருகினேன். ஸ்ட்ரீம் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, ஜான் மெக்கால்பின் எழுதியது, நினைவகத்திலிருந்து நொடிக்கு எத்தனை ஜிபி வருகிறது என்பதை மட்டும் அளக்கும். முன்னால் 32 காட்டியது, இப்போது 114. அதே ரன், அதே 28 கோர், 31 மணி நேரம் 11 ஆகக் குறைந்தது. பெட்டியில் வேறு ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு ரன் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் காபி குடிக்கிறபோது மழை பெய்து முடித்திருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு ராத்திரி. இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்ததில் பெரிய விஷயம் இதுதான். மேகத்துக்குள் நீர்த்துளி எப்படிச் சேர்கிறது என்பதைக் கணக்கிட டபிள்யூஆர்எஃபில் பல முறைகள் இருக்கின்றன, தாம்ப்சன், மாரிசன் என்று. எது நம்ம ஊர் மழைக்குப் பொருந்துகிறது என்று பார்க்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஒன்பது மாதத்தில் எழுபதுக்கு மேல் ரன் போட்டிருக்கிறேன். அதில் பாதி குப்பை. மழையின் உச்சத்தைக் கொண்டுபோய்க் கடலுக்குள் கொட்டிய ரன் மட்டும் பத்து இருக்கும், மீனுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுக்கலாம். ஆனால் அந்தக் குப்பையிலிருந்துதான் அந்த மழையைக் கொண்டுவந்த குமரிக்கடல் காற்றுச் சுழற்சியைச் சரியான நேரத்தில் பிடிக்க ரன்னை எப்போது தொடங்கவேண்டும் என்பது புரிந்தது.

இன்னும் கொஞ்சம் வேகம் வராதா என்று ஒரு கோரை இரண்டாகக் காட்டுகிற ஹைப்பர்த்ரெடிங்கை நம்பி 56 ஆகவும் ஓட்டிப் பார்த்தேன், பதினொன்றரை மணி நேரம், அதாவது அரை மணி நேரம் நஷ்டம். ஜன்னல் கூடவில்லை, வரிசைதான் நீண்டது. எம்பிஐ வேலைகளை ஆளுக்கொரு கோரோடு கட்டிப்போட்டதில் கொஞ்சம் லாபம் கிடைத்தது, இல்லையென்றால் லினக்ஸ் அவற்றை ஒரு பிராசசரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி விளையாடும். அதற்கு மேல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் பிடித்துக்கொள்வார். 1967-இலேயே அவர் சொன்ன கணக்கு இது: வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒருத்தரே செய்யவேண்டியதாக இருந்தால் ஆயிரம் பேர் வந்தாலும் இருபது மடங்குக்கு மேல் வேகம் கிடையாது, 28 பேருக்கு 12 மடங்குதான். ரிசல்ட்டை டிஸ்க்கில் எழுதுகிற நேரம் அந்த ஐந்து பங்கில்தான் வரும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதச் சொல்லியிருந்ததை மணிக்கு ஒரு தடவையாக மாற்றியதில் முக்கால் மணி நேரம் மிச்சம்.

இனி வீட்டுப் பஞ்சாயத்து. முழு வேகத்தில் ஓடுகிறபோது சுவரில் 340 வாட் இழுக்கிறது, நாள் முழுக்க என்றால் எட்டு யூனிட்டுக்கு மேல். மாதத்தில் பதினைந்து நாள் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஏற்கெனவே எங்கள் வீட்டில் முன்னூறு பக்கம் ஓடும், இது சேர்ந்ததும் ஐந்நூறைத் தாண்டிவிட்டது, தாண்டினால் கரண்ட் பில் எந்த மாதிரி மாறும் என்பது தமிழ்நாட்டில் வீடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த பில் வந்த அன்றைக்கு நான் சாயங்காலம் வரை வீட்டுக்கு வரவில்லை. சத்தமும் உண்டு. மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தும் நடுராத்திரியில் ஃபேன் ஏறும்போது பக்கத்து அறையில் கேட்கும். "ஏல, உன் மாவு மிஷின நிறுத்துல" என்பது அம்மாவின் வழக்கமான வேண்டுகோள். ஆனால் அதே அம்மா ஐப்பசி மழையில் வெயிலே காணாத வாரம், பெட்டியின் பின்பக்கம் சூடான காற்று வருகிற இடத்தில் வடகத் தட்டை வைத்துக் காயவைத்ததையும் நான் பார்த்தேன். நன்றாகவே காய்ந்தது. சித்திரை, வைகாசியில் கதை வேறு, பிராசசர் 88 டிகிரிக்கு ஏறிவிட்டது, பகலில் ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

யுபிஎஸ் இல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள். எனது 1 கேவிஏ யுபிஎஸ் முழு லோடில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் தாங்கும், அந்த நேரத்தில் ஒழுங்காக நிறுத்திவிடலாம். டபிள்யூஆர்எஃபில் ரீஸ்டார்ட் ஃபைல் எழுதச் சொல்ல ஒரு வரி இருக்கிறது, ஆறு மணி நேர மழைக்கு ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈபி காலை ஒன்பதுக்கு நிறுத்துகிற நாளை நான் மறந்துபோய், ஒன்பதே முக்கால் மணி நேரம் ஓடிய ரன்னை ஒரு தடவை மொத்தமாக இழந்தேன். அந்த வரி போடாததற்குக் கிடைத்த கூலி.

'கிளஸ்டரிலேயே (பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்த இயந்திரம்) ஓட்டியிருக்கலாமே' என்று கேட்பவர்களுக்கு: அதுவும் ஓட்டினேன். என் கைடு மூலமாக வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளஸ்டரில் கணக்கு கிடைத்தது, பெயர் வேண்டாம். இயந்திரம் அருமை, குறையே சொல்ல முடியாது. எனக்கு 1 கி.மீ. கட்டம் தேவைப்பட்டது. 3-லிருந்து 1-க்கு வந்தால் வேலை 27 மடங்கு, என் 11 மணி நேரம் 297 மணி நேரமாகும், பன்னிரண்டு நாளுக்கு மேல், அதற்குள் கரண்ட், வெயில், அம்மா, மூன்றில் ஏதாவது ஒன்று நிறுத்திவிடும். கிளஸ்டரில் பத்து நோடு (அதிலுள்ள தனித்தனிக் கம்ப்யூட்டர்), 480 கோர் கேட்டு வேலையைச் சமர்ப்பித்தேன். ஸ்லர்ம் என்கிற வரிசை மேலாளர் என் பெயருக்கு நேராக 'பிடி' என்று போட்டது, பென்டிங். நாலு நாள் அப்படியே நின்றது, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி மணிக்கொரு தடவை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் விடியக்காலை முறை வந்தது. நாலே நிமிஷத்தில் செத்துப்போனது.

தப்பு என்னுடையதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவு 1 கி.மீ. கட்டத்தில் செங்குத்தாக வந்து நிற்கும், அங்கே மேலும் கீழும் காற்று பாய்கிற வேகத்துக்கு நான் கொடுத்த கால இடைவெளி பெரிது, ஒரு சுற்றுக்குள் காற்று ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் கணக்கு வெடித்துவிடும். ஆறு நொடியை நாலாகக் குறைத்திருந்தால் போதும். அதை என் மாடிப்படிப் பெட்டியிலேயே ஒரு மணி நேர மழைக்கு மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மறுபடி மூன்று நாள் காத்திருந்தேன். அதற்குப் பிறகு, வீட்டில் ஒத்திகை பார்க்காமல் எந்த வேலையையும் அங்கே அனுப்புவதில்லை. இன்னொன்றும் கற்றுக்கொண்டேன்: பயந்துபோய் 72 மணி நேரம் என்று கேட்காதீர்கள். உண்மையில் தேவைப்படுவதற்குக் கொஞ்சம் மேலே கேட்டால், பெரிய வேலைகளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிற இடைவெளிகளில் ஸ்லர்ம் உங்களைச் செருகிவிடும், கூட்டமான பஸ்ஸில் ஒல்லியான ஆளுக்கு இடம் கிடைப்பது மாதிரி. 24 மணி நேரம் என்று மாற்றிக் கேட்ட பிறகு மறுநாளே முறை வந்தது, ஒரு நாளுக்குள் முடிந்தும் விட்டது. ரிசல்ட் ஃபைல்களை அங்கிருந்து முழுசாக வீட்டுக்கு இறக்க நினைத்தது இன்னொரு முட்டாள்தனம், அங்கேயே வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வருவதுதான் புத்தி.

ஒப்பீட்டுக்கு ஒரு கணக்கு. என் பெட்டியின் உச்ச வேகம் காகிதத்தில் ஒரு டெராபிளாப்ஸ் வரும், நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கு. திருச்சி என்ஐடியில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் 2022-இல் நிறுவிய பரம் பொருள் 838 டெராபிளாப்ஸ், அதாவது எங்கள் தெரு முழுக்க, மாடிப்படி இல்லாத வீடுகள் உட்பட, எண்ணூறு பெட்டி வைக்கணும். அதே சமயம் 1993 ஜூனில் டாப்500 என்று உலகப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டபோது முதலிடத்தில் இருந்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்து சிஎம்-5, 1,024 பிராசசர் வைத்துக்கொண்டு எட்டியது 59.7 கிகாபிளாப்ஸ், ஆயிரம் கிகா சேர்ந்தால்தான் ஒரு டெரா. வடகம் காயவைக்கிற என் பெட்டி அதைப் பத்து மடங்குக்கு மேல் முந்தும். இதை அத்தானிடம் சொன்னேன். "ஆனா பெட்ரோல் போட்டு ஓட்ட முடியாதுல்லா" என்றார்.

வாங்க நினைக்கிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லிக் குச்சிகளை எண்ணுங்கள். லினக்ஸ் யுஎஸ்பி ஒன்று கையோடு கொண்டுபோய் அங்கேயே பூட் செய்து டிஎம்ஐடிகோட் என்கிற கமாண்டை ஓட்டினால் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும், அண்ணாச்சிகள் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை, வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள். எனக்குக் கொடுத்த 2 டிபி டிஸ்க் ஏற்கெனவே 41,000 மணி நேரம் ஓடியது, கிட்டத்தட்ட ஐந்து வருஷம், மூன்றாம் மாதத்திலேயே முனக ஆரம்பித்துவிட்டது. மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடுகிற வேலை செய்கிறவர்கள் இந்தக் காசைப் பழைய கிராபிக்ஸ் கார்டில் போடுவதுதான் நல்லது, அவர்கள் கணக்கு அதில் பறக்கும். மழை, வெள்ளம், நிலத்தடி நீர் ஆட்களுக்கு இது போதும். பெட்டிக்கு ஐந்துக்கு நாலு. கடைக்கு மூன்று, டீயோடு சேர்த்து மூன்றரை.

போன வாரம் அண்ணாச்சியே போன் செய்தார். மதுரையிலிருந்து ஒரு ஆராய்ச்சிப் பையன் வந்து இதே பெட்டி கேட்கிறானாம். "தம்பி, இவுகளுக்குக் குச்சி எட்டாப் போடவா, ரெண்டாப் போடவா?" எட்டாகப் போடுங்கள் என்றேன். அப்படியே என் டிஸ்க்கை மாற்றித் தருவதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடையில் கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.